கல்லூரி உதவித்தொகை: விவசாயியின் வருமானத்தை எந்தப் படியால் அளப்பது?

ஜூன் மாதம் பிறந்தால் மதுரை வட்டார விவசாயிக்கு இரண்டு செலவுகள் ஒரே சமயத்தில் வந்து சேருகின்றன. அணையில் போதிய நீர் இருந்து, பெரியாறு பாசனத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து விட்டால் நாற்றங்கால், உழவு, அடியுரம், நடவுக் கூலி என்று ரொக்கமாகக் கையில் பணம் வேண்டும். கல்லூரிகளும் அந்தச் சமயத்தில்தான் திறக்கின்றன. சேர்க்கைக் கட்டணம், புத்தகம், விடுதி முன்பணம், பஸ் கட்டணம் என்று அந்தப் பட்டியலும் நீளுகிறது. வயலில் போட வேண்டிய பணத்தைக் கல்லூரியில் கட்டிவிட்டு, வயலுக்கு வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள் பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் ஏராளம்.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் அரசின் கல்வி உதவித்தொகைகள் இருக்கின்றன. திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு மாணவர் அந்த உதவிக்குத் தகுதியுடையவரா என்று முடிவு செய்யும் அளவுகோல், மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதாகவே இருக்கிறது. மழையையும் மார்க்கெட்டையும் நம்பிப் பிழைப்பவருக்கு அது பொருந்துவதில்லை. இதை மாற்றியமைப்பது குறித்து அரசு ஆலோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

என்னென்ன உதவிகள்?

தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய கல்வி உதவித் திட்டங்களில் அது ஒன்று. அதைப் பெறப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.50 லட்சத்துக்கு மேற்படக் கூடாது என்பது மத்திய அரசின் நிபந்தனை.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழக அரசின் உதவித்தொகை உண்டு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டப்படிப்புப் படிப்போருக்கு இலவசக் கல்வித் திட்டத்தின் கீழ் வருமான நிபந்தனை கிடையாது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்கல்வி என்று வரும்போதுதான் ரூ.2.50 லட்சம் என்ற வரம்பு குறுக்கிடுகிறது.

அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9ஆம் தேதி தொடங்கியது. இவ்விரண்டுக்கும் சாதியும் வருமானமும் நிபந்தனைகளாக வைக்கப்படவில்லை. எந்தப் பள்ளியில் படித்தார் என்பதே கேள்வி.

விவசாயக் குடும்பங்களுக்கென்றே ஒரு திட்டமும் உண்டு. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டரை ஏக்கருக்கு மேற்படாத நன்செய் அல்லது ஐந்து ஏக்கருக்கு மேற்படாத புன்செய் வைத்துச் சொந்தமாகப் பயிர் செய்யும் சிறு, குறு விவசாயிகள், குத்தகைதாரர்கள், விவசாயத் தொழிலாளர்கள் ஆகியோர் இதில் உறுப்பினராகலாம். உறுப்பினர் வயது 18 முதல் 65 வரை. அவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பைப் பொறுத்து ரூ.1,250 முதல் ரூ.6,750 வரை கல்வி உதவித்தொகை என்று அத்திட்டம் வகுத்தது. முதியோர் ஓய்வூதியம், திருமண உதவி, ஈமச் சடங்கு உதவி ஆகியவற்றுக்கு இந்த அட்டையைத் தேடி எடுப்போர் பலர். படிப்புக்கும் அதில் உதவி உண்டு என்பதை அறிந்தோர் குறைவு.

இரண்டரை லட்சம் என்னும் கோடு

இரண்டரை லட்சம் என்றவுடன் பெரிய தொகையாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. கணவனும் மனைவியும் நாளொன்றுக்கு ரூ.500 கூலிக்கு, ஆண்டில் 250 நாள் வேலைக்குப் போவதாக வைத்துக் கொள்வோம். ஆளுக்கு ரூ.1,25,000. இருவருக்கும் சேர்த்து ரூ.2,50,000. அதாவது, இரண்டு கூலித் தொழிலாளர்கள் நோய் நொடியின்றி ஆண்டு முழுவதும் உழைத்துவிட்டால் அந்தக் குடும்பம் கோட்டைத் தொட்டுவிடுகிறது. இன்னும் பத்து நாள் கூடுதலாக வேலைக்குப் போனால் உதவித்தொகை கைநழுவிப் போகும்.

தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான இந்த வரம்பு 2013-14இல் ரூ.2.50 லட்சமாக்கப்பட்டது. அதற்குப் பிறகு உரம், டீசல், கூலி, விடுதிக் கட்டணம் ஆகிய எல்லாம் எங்கேயோ போய்விட்டன. விலைவாசியோடு சேர்ந்து உயராத வரம்பு ஆண்டுக்காண்டு தானாகவே குறைந்து கொண்டு வருகிறது என்றுதான் பொருள். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி இருக்கிறது. நெல்லுக்கு ஆண்டுதோறும் ஆதார விலை அறிவிக்கிறார்கள். உதவித்தொகை வரம்புக்கு மட்டும் அத்தகைய ஏற்பாடு இல்லை.

மொத்த வரவா, நிகர வருமானமா?

வரம்பைக் காட்டிலும் பெரிய சிக்கல், வருமானம் என்று எதைச் சொல்வது என்பதில் இருக்கிறது. சம்பளக்காரர் நிறுவனம் தரும் சம்பளச் சான்றைக் காட்டிவிடுகிறார். விவசாயி எதைக் காட்டுவது?

பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியாறு பாசனத்தில் 45,041 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. அங்கே இரண்டு ஏக்கர் நன்செய் உள்ள ஒரு சிறு விவசாயியை எடுத்துக் கொள்வோம். ஏக்கருக்கு 25 குவிண்டால் நெல் கண்டதாகக் கொள்வோம். 2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டில் சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு ரூ.2,545 நிர்ணயிக்கப்பட்டது. ஏக்கருக்கு ரூ.63,625 வரவு. இரண்டு ஏக்கரில் இரண்டு போகமும் தவறாமல் விளைந்தால் ரூ.2,54,500. வரம்பைக் காட்டிலும் ரூ.4,500 அதிகம்.

இப்போது செலவுக்கு வருவோம். உழவு, விதை, நடவு, களையெடுப்பு, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ரூ.35,000 என்று அடக்கமாகவே வைப்போம். நான்கு ஏக்கர் சாகுபடிக்கு ரூ.1,40,000. மிஞ்சுவது ரூ.1,14,500. மாதத்துக்கு ரூ.10,000கூட இல்லை. இதில் குடும்பத்தினர் வயலில் இறங்கிச் செய்த வேலைக்குக் கூலி சேர்க்கப்படவில்லை.

மொத்த வரவைப் பார்த்தால் இந்த விவசாயியின் மகன் தகுதியற்றவன். நிகர வருமானத்தைப் பார்த்தால் தகுதியுள்ளவன். வயல், விளைச்சல், குடும்பம் எதுவும் மாறவில்லை. எழுதுகிற கை எந்த எண்ணை எழுதுகிறது என்பதில் ஒரு பையனின் படிப்பு இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதால், பாஸ் புத்தகத்தில் மொத்தத் தொகை பளிச்சென்று தெரிகிறது. நடவாளுக்கும் களையெடுத்த பெண்களுக்கும் கையில் கொடுத்த கூலிக்கு ரசீது ஏது? வரவு கண்ணுக்குத் தெரிகிறது, செலவு தெரிவதில்லை.

காய்கறிக்கும் பூவுக்கும் இதைவிடச் சிரமம். பரவை காய்கறி மார்க்கெட்டுக்குக் கத்தரியும் தக்காளியும் கொண்டு வரும் விவசாயிக்குக் காலையில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. மதுரை மல்லிகை 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. ஆனால் முகூர்த்த நாளில் விற்கும் விலையும் ஆடி மாதத்து விலையும் மலையும் மடுவும் போன்றவை. பொங்கலுக்கு முந்திய வாரத்து விலையை வைத்து ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டால் ஒவ்வொரு பூ விவசாயியும் லட்சாதிபதியாகி விடுவார். பனிக்காலத்தில் விலை ஏறுவது, செடியில் பூ இல்லாததால்தான் என்பது மல்லிகை போட்டவருக்குத்தான் தெரியும்.

இந்த நிலையில் கிராமங்களில் என்ன நடக்கிறது? “ஐயா, வருமானம் எவ்வளவுன்னு போடுறது?” என்று விவசாயி கேட்க, “எவ்வளவு வேணும்?” என்று எதிர்க்கேள்வி வருகிறது. ஓரிடத்தில் ரூ.72,000 என்றும், பக்கத்து ஊரில் அதே அளவு நிலத்துக்கு ரூ.1,80,000 என்றும் சான்று கொடுக்க இடமேற்படுகிறது. இதற்கு அலுவலர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. இன்ன பயிருக்கு, இன்ன பாசனத்தில், ஏக்கருக்கு இவ்வளவு நிகர வருமானம் என்ற அட்டவணை கையில் இருந்தால்தானே எல்லோரும் ஒரே படியால் அளக்க முடியும்?

ஒரே நிலம், பல அளவுகோல்

அரசின் வெவ்வேறு சட்டங்கள் விவசாய வருமானத்தை வெவ்வேறு கண்ணால் பார்க்கின்றன. வருமான வரிச் சட்டம் நெடுங்காலமாகவே அதற்கு விலக்களித்து வருகிறது. இதர பிற்படுத்தப்பட்டோரில் கிரீமிலேயர் எனப்படும் வளமான பிரிவினர் யார் என்று தீர்மானிக்க மத்திய அரசு 1993 செப்டம்பர் 8ஆம் தேதி வகுத்த விதிகளில், சம்பளத்தையும் விவசாய நிலத்திலிருந்து வரும் வருமானத்தையும் வருமானக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கூறப்பட்டது. நிலத்துக்குத் தனியாக, நில உச்சவரம்போடு ஒப்பிடும் அளவு வைக்கப்பட்டது. அந்த விதிகளில் வருமான வரம்பும் 2017இல் ரூ.8 லட்சமாக உயர்த்தப்பட்டது.

ஆக, மத்திய அரசுக் கல்லூரியில் இட ஒதுக்கீடு கேட்கும்போது கணக்கில் வராத வயல், உதவித்தொகை கேட்கும்போது கணக்கில் வந்து நிற்கிறது. இடம் கிடைக்கும், கட்டணம் கட்ட உதவி கிடைக்காது என்ற நிலை இதனால் ஏற்படுகிறது.

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வசதி குறைந்த கல்லூரி மாணவர்களுக்கு அரசு வழங்கும் உதவி, செனட்டர் கிளேபோர்ன் பெல் பெயரால் பெல் மானியம் என்று 1980 முதல் அழைக்கப்படுகிறது. அங்கே விண்ணப்பத்தில் சொத்துக் கணக்கும் கேட்பார்கள். குடும்பம் குடியிருந்து பயிர் செய்யும் பண்ணைக்கு முன்பு விலக்கு இருந்தது. விதிகளை எளிமையாக்கும் பேரில் 2024-25 கல்வியாண்டு முதல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. நிலத்தை விற்றால் லட்சக்கணக்கான டாலர், விற்காதவரை கையில் காசில்லை என்ற நிலையில் இருந்த விவசாயக் குடும்பங்கள் கடுமையாக எதிர்த்தன. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம், 2026-27 கல்வியாண்டு முதல் பண்ணை விலக்கை மீண்டும் அளித்தது.

பரவைக்கும் இதில் பாடம் இருக்கிறது. மதுரை நகரம் திண்டுக்கல் ரோடு வழியாக வளர்ந்து கொண்டே வருகிறது. வயல்களுக்கு நடுவே மனைக்கற்கள் முளைக்கின்றன. அரை ஏக்கர் வைத்திருப்பவரும் காகிதத்தில் பெரும் பணக்காரர். ஆனால் அந்த நிலத்தை விற்றால்தான் பணம். விற்றுவிட்டால் அவர் விவசாயி அல்லர். மகளின் படிப்புக்காக வயலை மனையாக்கு என்று சொல்லாமல் சொல்லும் விதி எதுவும் நல்ல விதியாகாது.

குத்தகைதாரரும் கூட்டுப் பட்டாவும்

நிலம் உள்ளவர் நிலை இப்படி. நிலமில்லாமல் வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிர் செய்பவர் நிலை இன்னும் மோசம். தமிழ்நாடு விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இருந்தும் வாய்மொழிக் குத்தகைதான் பெருவழக்கு. பதிவு செய்தால் நிலம் போய்விடுமோ என்று நிலச் சொந்தக்காரருக்குப் பயம். கேட்டால் குத்தகையே போய்விடுமோ என்று குத்தகைதாரருக்குப் பயம். அடங்கலில் பெயரில்லாத அவர் சிறு விவசாயி என்ற சான்றைப் பெற இயலாது. உழவர் பாதுகாப்புத் திட்டம் குத்தகைதாரரையும் சேர்த்துக் கொண்டது நல்ல ஏற்பாடு. அதற்குரிய உறுதிச் சான்றை எளிதாக்கினால்தான் அது முழுப் பயன் தரும்.

கூட்டுப் பட்டா இன்னொரு தொல்லை. தாத்தா பெயரில் ஐந்து ஏக்கர், அனுபவிப்பது நான்கு பங்காளிகள். ஒவ்வொருவருக்கும் ஒன்றேகால் ஏக்கர்தான். ஏட்டிலோ மொத்தமும் ஒரே பெயரில் நிற்கும். பாகப்பிரிவினை செய்து தனிப் பட்டா வாங்காதவரை பேரப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

குடும்பத்தின் முதல் பட்டதாரி

சாதி, வருமானம் பாராமல், குடும்பத்தில் பட்டதாரியே இல்லாதவருக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வழங்கும் திட்டம் 2010இல் கொண்டு வரப்பட்டது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் சேர்வோருக்கே இச்சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஏர் பிடித்த குடும்பங்களுக்கு இது பெரும் உபகாரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே இது கிட்டும். அக்காள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்திருந்தால், தம்பி பொறியியலுக்கோ வேளாண்மைக்கோ போகும்போது அவன் முதல் பட்டதாரி அல்லன். அக்காள் அந்தச் சலுகையைப் பெற்றிருக்கவே மாட்டாள். ஆயினும் அவள் பட்டம் தம்பிக்குத் தடையாகி விடுகிறது. பெண்ணைப் படிக்க வைத்த குடும்பம் அதற்காக நஷ்டப்படக் கூடாது. சலுகையை ஒருவர் பெற்றுவிட்டாரா என்று பார்ப்பதே முறையாகும்.

2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. அவ்வாறு சேர்வோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஒத்தக்கடையில் 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரிக்கு, வயலை அறிந்த பிள்ளைகள் அரசுப் பள்ளிகளிலிருந்து செல்ல இது வழி செய்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அளவுகோல் எளிமையாக இருப்பதுதான். எந்தப் பள்ளி என்ற ஒரே கேள்வி. தலைமையாசிரியர் சான்று போதும். பேரத்துக்கும் அலைச்சலுக்கும் இடமே இல்லை.

பணம் வரும் காலம்

தகுதி உறுதியானாலும் பணம் கைக்கு வரும் காலம் முக்கியம். கட்டணம் கட்ட வேண்டியது ஜூன், ஜூலையில். உதவித்தொகை பெரும்பாலும் கல்வியாண்டின் பிற்பாதியில், சில சமயம் ஆண்டு முடிந்த பின்னரும் வருகிறது. பயிருக்குத் தண்ணீர் வேண்டிய நேரத்தில் வராமல் அறுவடைக்கு நின்ற கதிர் மீது பெய்யும் மழையால் யாருக்கு என்ன பயன்? இடைப்பட்ட மாதங்களுக்கு நகையை அடகு வைத்துக் கட்டும் வட்டி, உதவித்தொகையின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது.

எதிர்வாதம் ஒன்று

நிபந்தனைகளைத் தளர்த்தினால் வசதி படைத்தவர்களும் புகுந்து கொள்வார்கள் என்று சிலர் கூறுவர். இந்த அச்சம் ஓரளவு நியாயமானதே. விவசாயி என்ற பெயரில் தோப்பும் துரவும் பங்களாவும் உள்ளவர்கள் ஏழை மாணவர்களின் பங்கை அடைவதை எவரும் ஆதரிக்க மாட்டார்கள். ஆனால் இப்போதுள்ள முறையும் அவர்களைத் தடுப்பதாகத் தெரியவில்லை. செல்வாக்கு உள்ளவர் குறைந்த வருமானச் சான்றை எளிதில் பெற்றுவிடுகிறார். உள்ளதை உள்ளபடி சொல்லும் சிறு விவசாயிதான் மாட்டிக் கொள்கிறார். வருமானத்தை மறைக்கலாம், நிலத்தை மறைக்க முடியாது. அது சர்வே எண்ணோடு கிராமக் கணக்கில் படுத்திருக்கிறது. ஆகவே நில அளவை அடிப்படையாகக் கொள்வதுதான் ஏமாற்றுக்கு இடம் குறைவான வழி.

அரசு செய்ய வேண்டியவை

முதலாவதாக, இரண்டரை ஏக்கர் நன்செய் அல்லது ஐந்து ஏக்கர் புன்செய் என்ற வரம்புக்குட்பட்டு, வேறு சம்பளமோ வியாபாரமோ இல்லாத குடும்பத்துக்கு, சிறு, குறு விவசாயி சான்றோ உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையோ இருந்தாலே உதவித்தொகைக்குத் தகுதி உண்டு என்று கொள்ள வேண்டும். தனி வருமானச் சான்று கேட்கத் தேவையில்லை.

இரண்டாவதாக, மற்ற விவசாயிகளுக்கு மூன்றாண்டுச் சராசரி நிகர வருமானத்தையே கணக்கிட வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பயிர்வாரியாகச் சாகுபடிச் செலவு அட்டவணையை வேளாண்மைத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடுவது அவசியம். பயிர்க் கடனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அளவு நிர்ணயிக்கும் அரசுக்கு இது முடியாத காரியமன்று.

மூன்றாவதாக, ரூ.2.50 லட்சம் என்ற வரம்பை மத்திய, மாநில அரசுகள் உயர்த்தி, அதன் பிறகு விலைவாசியோடு இணைத்துவிட வேண்டும். உழவர் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2011இல் வகுத்த ரூ.1,250, ரூ.6,750 என்ற தொகைகளை இன்றைய கல்லூரிச் செலவோடு ஒப்பிட்டுத் திருத்துவதும் தேவை.

நான்காவதாக, முந்தைய ஆண்டு உதவி பெற்ற மாணவருக்கு, புதுப்பித்தல் விண்ணப்பம் கொடுத்தவுடன் ஜூன் மாதத்திலேயே பாதித் தொகையை முன்பணமாக வழங்கலாம். கூட்டுறவுச் சங்கம் பயிர்க் கடனைப் பருவம் தவறாமல் கொடுக்க முயல்வது போல, கல்வித் துறைக்கும் ஒரு பருவம் உண்டு என்பது உணரப்பட வேண்டும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

விதிகள் மாறும்வரை காத்திராமல், உள்ள வாய்ப்பைத் தவற விடாதிருப்பது புத்திசாலித்தனம். பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த உடனேயே, ஏப்ரல், மே மாதங்களில் சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும் என்பதை மறக்கக் கூடாது. விண்ணப்பத்தில் நில அளவு, பயிர், மொத்த வரவு, சாகுபடிச் செலவு, நிகர வருமானம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கொடுப்பது நல்லது. உரக்கடைப் பில், விதை ரசீது, இயந்திர வாடகைச் சீட்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டும். கூலி கொடுத்ததை நோட்டில் தேதியோடு குறித்து வைத்தால் கேட்டபோது சொல்ல உதவும்.

மாணவரின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி ஆதாரை இணைக்க வேண்டும். பெயரின் முன்னெழுத்து ஒன்றில் மாறியிருந்தாலும் பணம் திரும்பிப் போகும். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரை அணுகலாம். அட்டை இருப்பவர்கள் அதில் பிள்ளைகளின் பெயர்கள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். கூட்டுப் பட்டா வைத்திருக்கும் பங்காளிகள், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே பாகத்தைப் பிரித்துத் தனிப் பட்டா வாங்கிக் கொண்டால், கல்லூரிக் காலத்தில் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கும் நடை மிச்சமாகும்.

வயலில் விளைந்ததை எடை போட முத்திரையிட்ட தராசு வேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வயலில் உழைத்தவரின் பிள்ளைக்குப் படிப்பு உதவி தரலாமா என்பதை எடை போடுவதற்கும் முத்திரையிட்ட தராசு ஒன்று வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே அரசு இதற்கு ஆவன செய்தால், ஜூன் மாதத்தில் நாற்றங்காலுக்கு வைத்திருந்த பணம் நாற்றங்காலுக்கே போய்ச் சேரும்.